பழசுக்குப் புதுசு: இப்ராஹிம் மஹாமாவின் சாக்குகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

கானா நாட்டுச் சந்தைகளில் 2010களின் தொடக்கத்தில் ஓர் இளைஞர் வியாபாரிகளிடம் புதுமாதிரியான பேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் புதுச் சாக்கு தருவார். பதிலுக்கு அவர்களிடமுள்ள பழைய சாக்கு வேண்டும். கரி மூட்டை கட்டிக் கறுத்து, தையல் விட்டு, ஒட்டுப் போட்ட சாக்காக இருந்தால் இன்னும் நல்லது. நம் தெருக்களில் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர் வருவாரே, அவர்கூடக் கிழிந்ததைத் தள்ளிவிட்டு நல்லதாகப் பார்த்துத்தான் எடுப்பார். இவர் கிழிந்ததைத் தேடிப் போனார்.

அந்த இளைஞர் இப்ராஹிம் மஹாமா. 1987இல் வட கானாவின் தமலே நகரில் பிறந்தவர். குமாசியில் உள்ள குவாமே நிக்ரூமா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்தார். தூரிகையால் செய்திருக்க வேண்டியதைச் சாக்கால் செய்தார். நூற்றுக்கணக்கான சாக்குகளை ஒன்றோடொன்று தைத்து, பெரிய பெரிய படுதாக்களாக்கி, சந்தைகள், அரங்குகள், அருங்காட்சியகங்கள் மேல் போர்த்தினார். 2015இல், 28 வயதில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய கலைக் கண்காட்சியான வெனிஸ் பினாலேயில் அவருடைய சாக்குகள் தொங்கின.

அந்த வேலையைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இவற்றை நான் நேரில் பார்த்ததில்லை. படங்கள், காணொளிகள், அவர் கொடுத்த பேட்டிகள் வழியாகப் பல வருடங்களாகத் தொடர்ந்து வந்திருக்கிறேன். ஆனால் சாக்கை எனக்கு நன்றாகத் தெரியும். அரிசி மண்டி இருந்த தெருவில் வளர்ந்தவன் நான். குத்தூசி போட்ட ஓட்டையை விரலால் நீவி மூடுவதும், கொக்கி பட்டுக் கிழிந்த இடத்தைக் கோணி ஊசியால் இழுத்துத் தைப்பதும், மழை வந்தால் அதே சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு லோடுமேன்கள் ஓடுவதும் தினமும் கண்ட காட்சிகள். அதனாலேயே மஹாமாவின் படுதாவை முதன்முதலாகப் படத்தில் பார்த்தபோது, இது என்ன கலை என்று யோசிக்கத் தோன்றவில்லை. அந்த வாசனைதான் நினைவுக்கு வந்தது.

நெசவுத் தொழிலின் மரபைக் காப்பது என்றால் நமக்கு உடனே தோன்றுவது பட்டும் தறியும் பழைய ஆலைப் புகைபோக்கியும்தான். சாக்கும் நெய்த துணிதான். உலக வணிகத்தை ஒன்றரை நூற்றாண்டு சுமந்த துணி அதுதான். ஆனால் அதை எவரும் மடித்து வைப்பதில்லை. மஹாமா அதை எடுத்து வைத்தார். எப்படி எடுத்தார் என்பதில்தான், அதாவது அந்தப் பழசுக்குப் புதுசு என்ற பேரத்தில்தான், இந்த வேலையின் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்தப் பேரம் கைவிட்டுப்போன இடத்தில் வேலையும் சரிந்திருக்கிறது. அதையும் கீழே சொல்கிறேன்.

சாக்கு வந்த வழி

சாக்கின் கதை வங்காளத்துத் தண்ணீரில் தொடங்குகிறது. சணல் ஏறத்தாழ நான்கு மாதப் பயிர். வெட்டிக் கட்டுக் கட்டாகக் குளத்திலோ ஓடையிலோ ஊறப்போடுவார்கள். தண்டு அழுகி நார் கழன்று வரும் பதத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு கையால் உரித்தெடுக்க வேண்டும். (நம் வயல்களில் உரத்துக்காக மடக்கி உழும் சணப்பு வேறு செடி. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பலரும் குழப்பிக்கொள்வார்கள்.) அந்த நாரைக் கையால் நூற்றுக் கோணியாக நெய்வது வங்காளத்தில் பழைய குடிசைத் தொழில். கோணி என்ற நம் சொல்லின் உறவுதான் ஆங்கிலத்தில் 'கன்னி' ஆனது. இரண்டுக்கும் மூலமாகச் சமஸ்கிருத 'கோணீ'யைச் சொல்வார்கள்.

அப்புறம் இது ஸ்காட்லாந்துக்குப் போனது. டண்டீ நகரத்தில் முரட்டு லினன் நெய்யும் ஆலைகள் ஏற்கெனவே இருந்தன. சணல் நார் உலர்ந்து விறைப்பாக இருந்ததால் இயந்திரத்தில் நூற்க வரவில்லை. டண்டீ திமிங்கில வேட்டைத் துறைமுகமும்கூட. திமிங்கில எண்ணெயும் தண்ணீரும் தெளித்தால் நார் இளகும் என்று 1830களில் கண்டுபிடித்தார்கள். 1838இல் டச்சு அரசு தன் கிழக்கிந்தியத் தீவுகளின் காப்பிக்கொட்டைக்காகச் சணல் பைகள் கேட்டுப் பெரிய ஆர்டர் கொடுத்தது. 1853–56 கிரிமியப் போரில் ரஷ்யாவின் ஆளிநார் வருவது தடைப்பட்டதும் சணல் முழுதாக இடம் பிடித்தது. காக்ஸ் சகோதரர்களின் கேம்ப்பர்டவுன் ஆலையில் மட்டும் சுமார் 5,000 பேர் வேலை பார்த்தார்கள். பெரும்பகுதி பெண்கள். வேலை இல்லாமல் வீட்டிலிருந்த ஆண்களை டண்டீக்காரர்கள் 'கெட்டில் கொதிக்க வைப்பவர்' என்று கூப்பிட்டார்கள்.

அதே காலத்தில், 1855இல், கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் முதல் சணல் நூற்பாலை வந்தது. இயந்திரங்களும் மேற்பார்வையாளர்களும் டண்டீயிலிருந்து வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்போது கல்கத்தாவை ஒட்டிய ஹூக்ளி ஆற்றங்கரை ஆலைகள் டண்டீயை முந்திவிட்டன. 1947இல் எல்லைக்கோடு விழுந்தது. ஆலைகள் இந்தியப் பக்கம், நல்ல சணல் விளையும் வயல்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம். கிழக்கு வங்காளத்தில் நாராயண்கஞ்சில் ஆதம்ஜி ஆலை எழுந்து, உலகின் மிகப் பெரிய சணல் ஆலை என்று பெயரெடுத்து, 2002இல் மூடப்பட்டது. டண்டீயில் சணல் நூற்பு 1999இல் நின்றது.

நம் வீட்டு வாசலுக்கும் இந்தக் கதை வருகிறது. உணவு தானியத்தைச் சணல் சாக்கில் கட்ட வேண்டும் என்று 1987இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் ஹூக்ளி ஆலைகளுக்கு இன்றும் மூச்சு. டெல்டாவின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டை கட்டுவதற்குச் சாக்கு தீர்ந்து, நெல் களத்தில் கிடந்து நனைந்தது என்று செய்தி வரும்போது, நாம் அந்த ஆற்றங்கரையோடு எவ்வளவு இறுகக் கட்டப்பட்டிருக்கிறோம் என்பது தெரிகிறது.

கானாவும் அப்படியே கட்டப்பட்ட நாடு. 1879இல் தெத்தே குவார்ஷி என்ற கொல்லர் ஃபெர்னாண்டோ போ தீவிலிருந்து கோகோ விதை கொண்டுவந்து நட்டதாகச் சொல்வார்கள். 1911 வாக்கில் அன்றைய கோல்ட் கோஸ்ட் உலகின் முதல் கோகோ உற்பத்தியாளர். கோகோ வாங்கி விற்க 1947இல் அரசு வாரியம் வந்தது. நாடு 1957இல் விடுதலை பெற்றது. கோகோ தன் மண்ணில் விளைந்தாலும் அதைக் கட்டும் சாக்கு கடல் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது, இந்தியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும். ஒரு மூட்டை ஏறத்தாழ 64 கிலோ.

இதில் என்னை நிறுத்திய ஒரு செய்தி உண்டு. வட கானாவில் 'அயோயோ' என்று ஒரு கீரை. கொழகொழவென்று வேகும். களி மாதிரிக் கிண்டிய உணவோடு சேர்த்துச் சாப்பிடுவார்கள். அந்தக் கீரை, வங்காளத்தில் சணல் எடுக்கும் இரு இனங்களில் ஒன்றான தோசா சணல் செடியின் இலைதான். மஹாமாவின் ஊர்க்காரர்கள் தட்டில் வைத்துச் சாப்பிடும் செடியின் நார், கடல் கடந்து சாக்காகி அவர்கள் முதுகுக்கு வந்து சேர்கிறது.

சாக்கின் ஆயுள்

கானாவில் சாக்கின் முதல் வேலை கோகோ. அப்போது அது புதிது. மேலே கானாவின் விளைபொருள் என்ற முத்திரை இருக்கும். உணவுப் பொருளுக்கான சாக்கு என்பதால் விதிமுறையும் உண்டு. நாரை இளக்கக் கனிம எண்ணெய் போட்டால் அந்த நாற்றமும் எண்ணெயும் கோகோவில் ஏறிவிடும். ஆகவே தாவர எண்ணெய் போட்ட சாக்குதான் வேண்டும் என்று 1998இல் சர்வதேசத் தரம் வகுத்தார்கள். டண்டீயின் திமிங்கில எண்ணெய்க்குப் பிறகும் இந்த எண்ணெய் விவகாரம் சாக்கை விடவில்லை.

ஏற்றுமதிக் கோகோவுக்கு உதவாது என்றானதும் அது உள்ளூர்ச் சந்தைக்கு வரும். சோளம், கம்பு, அரிசி. இன்னும் நைந்ததும் கரி. கரிக்குப் பிறகு அதற்கு அடுத்த வேலை கிடையாது. இந்த வழி நெடுக அதன்மேல் எழுத்துகள் ஏறிக்கொண்டே போகும். வாங்கியவர் பெயர், ஊர், கணக்கு எண், அடையாளக் குறி. கிழிந்த இடத்தில் வேறு துணி வைத்து ஒட்டுப் போடுவார்கள். தைத்த நூல் ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு நிறம். ஓவியம் படித்த ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, இந்தத் துணியில் நான் புதிதாக வரைய என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தால் அது இயல்புதான்.

மஹாமா எடுத்தது அந்தக் கடைசிக் கட்டச் சாக்குகளை. பணம் கொடுத்து வாங்கியிருக்கலாம். ஆனால் புதுச் சாக்கு கொடுத்து மாற்றிக்கொண்டார். இதனால் நடப்பது என்னவென்று யோசித்துப் பாருங்கள். சந்தையின் வேலை நிற்பதில்லை. சுமக்க வேண்டிய சரக்கு புதுச் சாக்கில் போகிறது. பத்து இடம் போய்வந்த சாக்கு அந்தச் சுற்றிலிருந்து விடுபடுகிறது. அவர் கொடுத்த புதுச் சாக்கும் சில வருடங்களில் பழசாகும், அதன்மேலும் பெயர்கள் ஏறும். ஓர் அருங்காட்சியகம் பழம்பொருளை எடுத்துக்கொண்டு போகும்போது அந்த இடத்தில் ஒரு வெற்றிடம் விழுகிறது. இங்கே அது விழவில்லை. பழம்பொருள் சேகரிப்பவர்கள் எவ்வளவோ பேரைப் பற்றிப் படித்திருக்கிறேன், இவ்வளவு நியாயமான ஏற்பாட்டை அதிகம் கண்டதில்லை.

தைத்தவர்கள்

சாக்குகளை இணைக்கும் வேலை ஒரு ஆளால் ஆகாது. மஹாமா ஆட்களைச் சேர்த்தார். பலர் வடக்கிலிருந்து பிழைப்புத் தேடித் தெற்கு நகரங்களுக்கு வந்தவர்கள். தலைநகர் அக்ராவின் சந்தைகளில் தலைச்சுமை தூக்கும் வட கானாப் பெண்களைக் 'கயாயே' என்கிறார்கள். சென்னைக் கோயம்பேட்டில் கூடை சுமக்கும் பெண்களை நினைத்துக்கொள்ளலாம், வயது மட்டும் இன்னும் குறைவு. சுமை தூக்கப் போகிறவர்கள் சிலர் முன்கையில் பெயரைப் பச்சை குத்தியிருப்பார்கள். தங்கள் பெயர், உறவினர் பெயர், ஊர். வழியில் விபத்தாகிச் செத்தால் உடலை யாரிடம் சேர்ப்பது என்பதற்காக. மஹாமா அந்தக் கைகளைப் படமெடுத்திருக்கிறார். சாக்கில் பெயர் எழுதுவதும் கையில் பெயர் எழுதுவதும் ஒரே காரணத்துக்காகத்தான், தொலைந்துபோனால் கண்டுபிடிக்க. அந்தப் புகைப்படங்களைப் பார்த்த பிறகு படுதாக்களைப் பழையபடி பார்க்க என்னால் முடியவில்லை.

தைக்கும் இடத்தையும் அவர் யோசித்துத் தேர்ந்தார். கைவிடப்பட்ட ரயில் நிலையங்கள், தானியக் கிடங்குகள். விடுதலைக்குப் பின் நாட்டை ஆண்ட முதல் தலைவர் நிக்ரூமா காலத்தில் பெரிய கனவோடு தொடங்கி, 1966 ராணுவப் புரட்சிக்குப் பின் கேட்பாரற்றுப்போன கட்டடங்கள் கானாவில் நிறைய. படைப்புகளுக்கு அவர் வைக்கும் தலைப்புகளில் வருடங்கள் வரும். '1957–2057' என்று ஒன்று, '1901–2030' என்று ஒன்று. விடுதலை பெற்ற ஆண்டு, அல்லது வேறொரு பழைய ஆண்டு தொடக்கமாக இருக்கும். முடிவு இன்னும் வராத ஓர் ஆண்டு. பாதியில் நின்றதை முடிந்துபோனதாக எழுதிவிட அவருக்கு மனமில்லை.

சந்தையிலிருந்து வெனிஸ் வரை

2012இல் அக்ராவின் மல்லம் அத்தா சந்தையில் சாக்குகளை விரித்தார். சாக்கு எங்கே அன்றாடம் புழங்குகிறதோ அங்கேயே. வியாபாரிகளுக்கு அது என்ன புது விஷயமா? ஆனாலும் நூறு சாக்கு தனித்தனியாகக் கிடப்பதும், நூறு சாக்கு ஒரே துணியாகக் கிடப்பதும் கண்ணுக்கு வேறு வேறு. என் கணக்கில் இதுதான் அவருடைய துணிச்சலான காரியம். விளக்கமெழுதிய பலகை கிடையாது, வெள்ளைச் சுவர் கிடையாது, துணி தன் சொந்தக்காரர்கள் முன்னாலேயே நின்றாக வேண்டும். பிறகு அக்ராவின் தேசிய அரங்கத்தையும் போர்த்தினார். சீன உதவியில் எழுந்து 1992இல் திறக்கப்பட்ட, கப்பல் மாதிரி வளைந்த வெள்ளைக் கட்டடம். அதன் பளபளப்பின் மேல் கரிச் சாக்கு.

2015 வெனிஸ் பினாலேயின் பொறுப்பாளர் நைஜீரியாவில் பிறந்த ஒக்வி என்வேசோர். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஆப்பிரிக்கர். அவர் மஹாமாவுக்குக் கொடுத்த இடம், வெனிஸின் பழைய கப்பல் கட்டும் தளமான ஆர்செனாலேயில், கோர்டெரியே கட்டடத்தை ஒட்டிய வெளிநடை. 'அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்' என்று அந்தப் படைப்புக்குப் பெயர். பார்வையாளர்கள் இருபுறமும் உயர்ந்து தொங்கும் சாக்குச் சுவர்களுக்கு நடுவே நடந்துபோக வேண்டும். மேலே வானம் மட்டும்.

கோர்டெரியே என்றால் கயிற்றாலை. வெனிஸ் குடியரசின் கப்பல்களுக்கு வேண்டிய கயிறு அங்கேதான் திரிக்கப்பட்டது. நீளமான கயிற்றை ஒட்டில்லாமல் திரிக்க நீளமான கூடம் வேண்டும். அதனால் கட்டடம் முந்நூறு மீட்டருக்கும் மேல் நீளம். இன்று நிற்கும் கட்டடத்தைப் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பியவர், பின்னாளில் ரியால்டோ பாலத்தைக் கட்டிய அன்டோனியோ தா போன்தே. ஹெம்ப் எனப்படும் நார்ச்செடியைச் சீவி, முறுக்கி, புரி புரியாகக் கயிறாக்கிய தொழிலாளிகளின் இடம். பினாலேக்கு வருபவர்கள் வருடா வருடம் அந்தத் தூண்களுக்கு நடுவே நடந்துகொண்டுதான் இருந்தார்கள். அது ஒரு நார் ஆலை என்பது எத்தனை பேர் மனதில் பட்டிருக்கும்? வெளியே வேறொரு நாரின் சாக்கு வந்து தொங்கியதும் சுவர் தன் தொழிலைச் சொல்ல ஆரம்பித்தது. ஒரு துறைமுகத்துக்காகத் திரித்த கயிறு, பல துறைமுகங்கள் கடந்த கோணி, இரண்டும் ஒரே சந்தில். நெசவுத் தொழில் மரபைக் கலையில் கொண்டுவருவது பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் காட்டும் உதாரணம் இதுதான்.

பெரிய கட்டடத்தைத் துணியால் மூடுவது என்றதும் கலைஞர் தம்பதி கிறிஸ்டோவும் ழான்–கிளாடும் 1995இல் பெர்லினின் ரைக்ஸ்டாக் நாடாளுமன்றக் கட்டடத்தைப் போர்த்தியது பலருக்கு நினைவு வரும். மஹாமாவை அவர்களோடு ஒப்பிட்டு எழுதுபவர்கள் உண்டு. ரைக்ஸ்டாக்குக்குப் போனது ஒரு லட்சம் சதுர மீட்டர் புதுத் துணி, வெள்ளி நிறத்தில் மின்னும் அலுமினியப் பூச்சோடு. கட்டடத்தின் வடிவத்தைக் காட்டவே அந்தத் துணி வந்தது, காட்டியதும் போய்விட்டது. சாக்குப் படுதாவில் கண் கட்டடத்துக்குப் போவதே இல்லை, துணியிலேயே நின்றுவிடுகிறது. ஒப்பீடு அதோடு சரி.

அதற்குப் பின் வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 2017இல் டோக்குமென்டா 14 கண்காட்சிக்காக ஏதென்ஸின் சின்டாக்மா சதுக்கத்தில், கடன் நெருக்கடியில் மக்கள் திரண்டு போராடிய அதே இடத்தில், சாக்குகளைப் பொதுமக்கள் முன்னிலையில் தைத்தார்கள். ஜெர்மனியின் காசெலில் டோர்வாக்கே என்ற பழைய நகர வாயில் கட்டடங்களைப் போர்த்தினார்கள். 2019இல் மிலானின் போர்த்தா வெனேசியாவில், நகருக்குள் வரும் சரக்குக்கு ஒருகாலத்தில் சுங்கம் வசூலித்த இரட்டைக் கட்டடங்கள். சுங்கச் சாவடிக்குச் சாக்கைத் தெரியாதா? இடம் பொருத்தமானது. ஆனாலும் ஏதென்ஸில் நடந்த தையல்தான் எனக்குப் பிடித்தது. மற்ற இரண்டிலும் முடிந்த துணிதான் தெரிந்தது, அங்கே கையும் ஊசியும் தெரிந்தன.

294 துண்டுகள்

புகழ் வந்ததும் வழக்கும் வந்தது. டப்ளினைச் சேர்ந்த ஒரு கலைக்கூடக்காரரும் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ஒரு சேகரிப்பாளரும் மஹாமாவின் தொடக்க காலத்திலேயே அவரிடமிருந்து பெருமளவில் சாக்குப் படுதாக்களைப் பெற்றிருந்தார்கள். அவற்றை வெட்டி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, 294 தனித்தனி ஓவியங்கள்போல ஆக்கினார்கள். பலவற்றில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. பிறகு, இவை என் படைப்புகள் அல்ல என்று மஹாமா சொன்னார். அவர்கள் 2015இல் 44.5 லட்சம் டாலர் கேட்டு அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2016இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

சட்டப்படி யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு வரவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. கையெழுத்துப் போட்டது போட்டதுதானே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வாதம் இருக்கிறது. ஆனால் துணியின் பக்கம் நின்று பார்த்தால் நடந்தது தெளிவாகத் தெரிகிறது. இணைத்த சாக்கு மீண்டும் பிரிந்தது. சுவரில் மாட்டும் அளவுக்கு வெட்டியதும் எழுத்துகள் பாதியில் நின்றன. யாரோ ஒருவருடைய பெயரின் முதல் பாதி ஒரு வீட்டுக்கும் மறுபாதி இன்னொரு வீட்டுக்கும் போயிருக்கலாம். புதுச் சாக்கு கொடுத்துப் பழசை வாங்கிய இடத்தில் இரு பக்கமும் பொருள் நகர்ந்தது. இங்கே ஒரு பக்கம் மட்டும் நகர்ந்தது.

மஹாமாவின் ஆசிரியர் கரிகச்சா சேய்டு, குமாசிப் பல்கலைக்கழகத்தில் ஒரு தலைமுறையையே உருவாக்கியவர். கலையை விற்பனைப் பண்டம் என்ற நிலையிலிருந்து கொடை என்ற நிலைக்கு மாற்ற வேண்டும் என்பது அவர் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வது. சாக்கோ பிறந்ததிலிருந்தே பண்டத்தைச் சுமப்பது. அதைப் பண்டமாகாமல் காப்பது எவ்வளவு கடினம் என்று அந்த மாணவர் சீக்கிரமே தெரிந்துகொண்டார்.

டண்டீயில் இருப்பதும் இல்லாததும்

ஒப்பிட்டுப் பார்க்க டண்டீக்கு ஒருமுறை திரும்பலாம். அங்கே 1833இல் கட்டிய வெர்டன்ட் ஒர்க்ஸ் என்ற ஆலையை மீட்டு, 1996இல் சணல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். நாரை இளக்குவது முதல் நெசவு வரை இயந்திரங்கள் வரிசையாக இருக்கின்றன, ஓட்டியும் காட்டுகிறார்கள். ஆலைப் பெண்கள் இரைச்சலில் காது மந்தமாகி, உதட்டசைவிலும் கைச்சைகையிலும் பேசிக்கொண்டது வரை சொல்கிறார்கள். அக்கறையோடு செய்த வேலை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் கதை சாக்கு ஆலை வாசலைத் தாண்டும்போது மெலிந்துவிடுகிறது. எந்த நெசவு அருங்காட்சியகத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. துணி எப்படி உண்டானது என்பதைக் காட்ட இயந்திரம் இருக்கிறது, உண்டான துணி என்ன பாடுபட்டது என்பதைக் காட்ட ஒன்றும் மிஞ்சுவதில்லை, ஏனென்றால் பயன்பட்ட துணி தேய்ந்து அழிந்துவிடுகிறது. மஹாமாவிடம் ஒரு இயந்திரம்கூடக் கிடையாது. தேய்ந்த துணி மட்டும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு தொழிலின் முழு வரலாறு கிடைக்கும். சாக்கை விளைவித்த வங்காளத்து உழவரும், நெய்த ஹூக்ளித் தொழிலாளியும் இரண்டிலும் இன்னும் சரியாக வரவில்லை என்பது என் குறை. மஹாமாவின் துணியில் அவர்களுடைய நூல் இருக்கிறது. பெயர் எழுதும் பழக்கம் கானாவில்தான் தொடங்குகிறது.

நெய்யவும் தொடங்கினார்

2024 ஏப்ரலில் லண்டனின் பார்பிகன் கலை மையத்தில் 'பர்பிள் ஹைபிஸ்கஸ்' வந்தபோது ஒரு மாற்றம் தெரிந்தது. ஏரிக்கரைத் தளத்தைப் பார்த்த கான்கிரீட் சுவர்கள்மேல் சுமார் 2,000 சதுர மீட்டர் துணி. நிறம் இளஞ்சிவப்பும் ஊதாவும். சாக்கு இல்லை. தமலேயில் நெசவாளர்கள் தறியில் கையால் நெய்த துணி. அவ்வளவு பெரிய துணியை விரித்துத் தைக்க வேறு இடம் போதாமல், நகரத்தின் கால்பந்து மைதானத்தில் போட்டுத் தைத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து செய்த வேலை. அதன்மேல் சுமார் நூறு 'படகரி' உடைகளைப் பொருத்தினார்கள். படகரி என்பது வட கானாவின் தளர்வான மேலங்கி. குறுகிய பட்டைகளாக நெய்து இணைப்பது. குடும்பங்களில் தாத்தா போட்டதைப் பேரன் வைத்திருக்கும் உடை. அவற்றையும் பண்டமாற்று முறையிலேயே சேர்த்திருந்தார்.

பார்பிகன் நிற்கும் இடம் இரண்டாம் உலகப் போருக்கு முன் லண்டனின் துணி வணிகப் பகுதி. துணிக் கிடங்குகளும் தையல் பட்டறைகளும் நெருங்கிக் கிடந்தது. 1940 டிசம்பர் 29 இரவு விழுந்த குண்டுகளில் எரிந்துபோனது. அதன்மேல் எழுந்த கான்கிரீட்டுக்குத் துணி திரும்பி வந்தது 2024இல், தமலேயிலிருந்து. வெனிஸில் நடந்ததுபோலவே இங்கேயும் இடம் தன் பழைய தொழிலை நினைத்துக்கொண்டது.

எனினும் இந்தப் புதுத் துணியின் பளிச்சென்ற நிறம் சாக்கின் கனத்துக்கு ஈடாகவில்லை என்றே எனக்குப் படுகிறது. யாரும் சுமக்காத துணி அது. படகரிகள்தான் அதைத் தாங்கின. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சாக்கு வேலையில் கானாக்காரர்கள் வேறு யாரோ நெய்த துணியைத் தைத்தார்கள். இதில் தாங்களே நெய்தார்கள். தறிக்காரர்களுக்குப் பல மாத வேலை கிடைத்தது. துணியின் அழகு பற்றி என் கருத்து எதுவாக இருந்தாலும், ஒரு நெசவூருக்கு ஆர்டர் வருவது என்றால் என்ன என்பது கரூரையும் சென்னிமலையையும் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2025 டிசம்பரில் தொடங்கிய கொச்சி–முசிறிஸ் பினாலேயிலும் மஹாமா பங்கேற்றார். அவருடைய 'பார்லிமென்ட் ஆஃப் கோஸ்ட்ஸ்' மட்டாஞ்சேரியின் பழைய சரக்குக் கிடங்கு ஒன்றில் இடம்பெற்றது. மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக ஏறி இறங்கிய தெரு அது. இந்தியாவில் நெய்த கோணியைப் பத்து வருடத்துக்கு மேலாகக் கையாண்ட ஒருவர், அந்தக் கோணி புழங்கிய துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார்.

தமலே

அந்தப் 'பார்லிமென்ட் ஆஃப் கோஸ்ட்ஸ்' முதலில் 2019இல் மான்செஸ்டரின் விட்வொர்த் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டது. கானா ரயில்வே கழித்துப்போட்ட இரண்டாம் வகுப்பு இருக்கைகள், பள்ளிக்கூட அலமாரிகள் எல்லாம் சேர்த்து ஒரு நாடாளுமன்றம்போல அடுக்கியது. உலகத்தின் பருத்தித் தலைநகராக இருந்த ஊரில், பருத்தி ஆலை இரைச்சல் ஓய்ந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, வேறொரு நாட்டின் நின்றுபோன ரயிலின் இருக்கைகளில் மக்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

அதே வருடம் தமலேயில் சவன்னா சமகாலக் கலை மையம் திறந்தது. அடுத்த வருடம் ஊருக்கு வெளியே செங்கல்லால் கட்டிய ரெட் க்ளே கலைக்கூடம். வெளிநாட்டுக் கலைக்கூடங்களில் தன் படைப்புகள் விற்ற பணத்தில் மஹாமா கட்டியவை. நிக்ரூமா காலத்தில் பாதியில் நின்ற ஒரு தானியக் கிடங்கையும் வாங்கிச் சீர்செய்தார். பறக்காத பழைய விமானங்களை வாங்கி வந்து நிறுத்தி, உள்ளே வகுப்பு நடத்துகிறார்கள். 'பார்லிமென்ட் ஆஃப் கோஸ்ட்ஸ்' அங்கே நிரந்தரமாகச் செங்கல்லில் எழுந்திருக்கிறது.

இந்த வேலையைப் பற்றி என்னிடம் தீராத கேள்வி ஒன்று உண்டு. தைத்தவர்களின் பெயர்கள். சாக்கில் வியாபாரி பெயர் இருக்கிறது, கையில் சுமப்பவர் பெயர் இருக்கிறது, கலைக்கூடச் சுவரில் பொதுவாகக் கலைஞர் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. கூலி கொடுத்தாகிவிட்டது என்பது மண்டிக்காரரும் சொல்லும் பதில்தான். பெயர்களைக் காப்பதையே தன் வேலையாக வைத்துக்கொண்ட ஒருவரிடம் அதைவிடக் கூடுதலாக எதிர்பார்க்கலாம் என்றே நினைக்கிறேன்.

ரெட் க்ளேயில் நுழைவுக் கட்டணம் கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் வந்து இறங்குகிறார்கள். வெனிஸிலும் காசெலிலும் தொங்கியதற்கு உறவான சாக்குத் துணிகள் அங்கேயும் தொங்குகின்றன, மதியம் வீட்டுக்குப் போய் அயோயோ சாப்பிடப் போகிற பிள்ளைகள் அவற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள்.